குக்கரை வீட்லயே வச்சிட்டு கிளம்புங்க
(சைக்கிள் கேள்வி - பதில்)

வெளிநாட்டு சைக்கிள் டூர் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு போன இதழ்ல ஒரு வரி போட்டிருந்தோம். வந்து குவிஞ்சதுல பாதி "என்னென்ன எடுத்துட்டு போகணும்"தான். எதையெல்லாம் வேணாம்னு விடணும்னு ஒருத்தர் கூட கேக்கல, அதுக்கும் சேத்தே பதில் சொல்லிடறேன்.

கேள்வி: எனக்கு 54 வயசு, வீட்டுக்காரருக்கு 58. தினமும் காவிரிக்கரை பக்கம் 15 கிமீ ஓட்டுறோம். வெளிநாட்டுல ஒரு வாரம் பத்து நாள் சைக்கிள்லயே சுத்தணும்னு ஆசை, ஆனா மேடு ஏற தெம்பு இல்ல. எங்க போலாம்? (வாசகி, திருச்சி)

பதில்: ஆத்தங்கரையிலயே ஓட்டி பழகினவங்களுக்கு ஆத்தங்கரைதான் மேடம். டானூப். ஜெர்மனியில பாஸாவ்ல ஆரம்பிச்சு ஆஸ்திரியாவோட வியன்னா வரைக்கும் 300 கிமீக்கு கொஞ்சம் மேல வரும், ஆறு ஓடுற திசையிலயே நீங்களும் போறதால ரோடு மொத்தத்துல லேசான இறக்கம்தான், காத்தும் பெரும்பாலும் மேற்குலேர்ந்து முதுகுல தள்ளும். அந்தப் பாதை ஏன் அவ்ளோ சமமா இருக்குன்னா, நிறைய இடத்துல அது ஒரு காலத்துல குதிரை நடந்த பாதை, படகை எதிர் நீரோட்டத்துல கயிறு கட்டி கரையோரமா குதிரையை விட்டு இழுப்பாங்க, இழுக்குற குதிரைக்கு மேடு ஆகாதுல்ல!

பாஸாவே நம்ம முக்கூடல் மாதிரி ஊர்தான், டானூப், இன், இல்ஸ் மூணும் சேர்ற இடத்துல நின்னு பாத்தா தண்ணி கலர் வேற வேறயா தெரியும். அடுத்த நாள் ஷ்லோகன்னு ஒரு இடம், ஆறு மலையில முட்டிட்டு வந்த பக்கமே திரும்பற மாதிரி ஒரு வளைவு போடும், அங்க சைக்கிளை சின்னப் படகுல ஏத்தி தாண்டலாம், சில்லறை யூரோ கையில வச்சிக்கோங்க. அப்புறம் லின்ஸ், மவுட்ஹவுசன், மெல்க், கிரெம்ஸ், டுல்ன், வியன்னா. தினம் 50 கிமீ போதும், ஏழு நாள்ல முடிஞ்சிடும். மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் நடுவுல வாச்சாவ் பள்ளத்தாக்கு, திராட்சையும் ஆப்ரிகாட்டும், அதை மட்டும் ஒரே நாள்ல ஓட்டித் தள்ளிடாதீங்க. மேடு வேணாம்னு சொன்னீங்க, ஆனா மவுட்ஹவுசன்ல மட்டும் சைக்கிளை தள்ளிக்கிட்டாவது மேல போயிட்டு வாங்க, நாஜிகளோட வதைமுகாம் இருந்த இடம், கைதிகள் கல்லை முதுகுல சுமந்து ஏறின 186 படி இன்னும் இருக்கு. இறங்கி வந்தப்புறம் ரொம்ப நேரத்துக்கு எங்க குழுவுல யாரும் பேசல.

எப்பன்னு கேட்டா மே கடைசி, ஜூன், இல்லன்னா செப்டம்பர். ஜூன்ல ராத்திரி ஒன்பது வரைக்கும் வெளிச்சம் இருக்கும். இன்னொண்ணு, அங்க வலது பக்கம் ஓட்டணும். ரோட்டுல வண்டிங்களோட போறப்ப ஞாபகம் இருக்கும், காலையில ஆளே இல்லாத தெருவுல தூக்கக் கலக்கத்துல கிளம்பும்போதுதான் கை தானா இடது பக்கம் போகும்.

கேள்வி: மேல சொன்ன மாதிரி ரெண்டு மூணு நாடு வந்தா எந்த நாட்டுக்கு விசா போடறது? (வாசகர், மதுரை)

பதில்: எல்லாம் ஷெங்கன்தான், ஐரோப்பாவுல பல நாட்டுக்கு பொதுவான விசா, ஒண்ணே போதும். எந்த நாட்டுல அதிக நாள் தங்குறீங்களோ அந்த நாட்டுக்கு அப்ளை பண்ணணும், அதாவது மூனிக்ல இறங்கினாலும் ஒரு வாரம் ஓட்டப்போறது ஆஸ்திரியாவுல, அப்ப ஆஸ்திரியா. கிளம்புறதுக்கு 6 மாசம் முன்னாடிலேர்ந்து போடலாம், கடைசி கெடு 15 நாள், ஆனா கெடு வரைக்கும் இழுக்காதீங்க. ஃபீஸ் 90 யூரோ. இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோ கவர் இருக்கணும், அதுல சைக்கிள் ஓட்டி விழுந்தா உண்டா இல்லையான்னு பொடி எழுத்தை படிங்க. தினம் எந்த ஊர்ல ராத்திரி தங்குறோம்னு ஒரு பேப்பர் கேப்பாங்க, கேன்சல் பண்ற மாதிரி ரூம் புக் பண்ணி குடுத்துடுங்க.

கேள்வி: சொந்த சைக்கிளை கொண்டு போறதா, அங்கயே வாடகைக்கு எடுக்கறதா? (வாசகர், கோவை)

பதில்: பத்து நாளுக்குள்ளன்னா வாடகை. பாஸாவ்ல எடுத்து வியன்னாவுல விடற வசதியே இருக்கு. உங்க சீட்டை மட்டும் கழட்டி கொண்டு போங்க, பழகின சீட்டுக்கு ஈடு எதுவும் கிடையாது.

ஒரு மாசம் ரெண்டு மாசம் போறவங்க சொந்த சைக்கிள்தான் எடுப்பாங்க, அப்ப பெட்டி கட்டுற வேலை இருக்கு. சைக்கிள் கடையில புது வண்டி வர்ற அட்டைப்பெட்டி கேட்டா சும்மாவே குடுப்பாங்க. முன் சக்கரத்தை எடுத்துட்டு ஃபோர்க் ரெண்டு காலுக்கும் நடுவுல ஒரு பிளாஸ்டிக் முட்டு வைங்க, இல்லன்னா மேல ஏதாவது ஏத்தினா நசுங்கிடும். பெடல் கழட்டும்போது எல்லாரும் தப்பு பண்ற இடம் இடது பெடல், அதுக்கு மரை உல்டா. ஸ்பேனர் மேல பாத்து நிக்கற மாதிரி மாட்டி பின் சக்கரம் பக்கமா இழுங்க, ரெண்டு பக்கமும் இதே கணக்குதான், கழண்டுடும். பின்னாடி கியர் மாத்துற டெரெய்லரை, அது ஃபிரேம்ல மாட்டியிருக்கிற ஹேங்கர்லேர்ந்து அவுத்து துணி சுத்தி ஃபிரேமுக்குள்ள கட்டிடுங்க. நான் முதல் தடவை அதை செய்யல, ஏர்போர்ட்ல பெட்டி வெளிய வந்தப்பவே ஒரு மூலை சப்பிப் போயிருந்துச்சு, தொறந்து பாத்தா ஹேங்கர் உள்ளுக்கு வளைஞ்சு முதல் கியர் போட்டா டெரெய்லர் ஸ்போக்ஸ்ல உரசுது. அந்த ஹேங்கர் விரல் நீளம் கூட இல்லாத அலுமினியத் துண்டு, ஒவ்வொரு சைக்கிளுக்கும் வேற வேற, எந்த ஊர் கடையிலயும் உங்க மாடலுக்கு இருக்கும்னு நம்ப முடியாது. இப்ப எப்பவும் ஸ்பேர் ஒண்ணு பையில கிடக்கு.

பவர் பேங்க் கைப்பையில மட்டும்தான், 100 வாட் அவர் வரைக்கும், 20,000 எம்ஏஹெச் தாராளமா அதுக்குள்ள வரும். கேஸ் கேன் ஃபிளைட்ல கூடவே கூடாது. எலக்ட்ரிக் சைக்கிள் பேட்டரியும் ஏத்த மாட்டாங்க.

கேள்வி: டிரஸ், சாமான்லாம் எவ்ளோ? லிஸ்ட் போட்டா 22 கிலோ வருது. சுத்த சைவம் வேற. (வாசகி, சேலம்)

பதில்: மேடம், நான் உங்களை விட மோசம். முதல் டூர்ல ரெண்டு லிட்டர் குக்கர், மூணு கிலோ அரிசி, ரசப்பொடி, ஒரு ஜீன்ஸ், வழியில படிக்க நாலு புஸ்தகம். மூணாவது நாள் கேரியர் ஸ்குரூ ஒண்ணு வெயிட் தாங்காம உடைஞ்சுது, பை சக்கரத்துல சாஞ்சு சர்ரு சர்ருன்னு உரசிட்டே வருது, பெல்ட்டை கழட்டி கட்டி மெல்க் வரைக்கும் ஓட்டினேன். அங்க தங்கின வீட்டு அம்மாகிட்ட குக்கரை குடுத்துட்டேன், அவங்க விசிலை தூக்கித் தூக்கி பாத்து சிரிச்சாங்க, அதை வச்சு என்ன செஞ்சாங்களோ.

டென்ட் இல்லாம வீடுகள்ல தங்கறதா இருந்தா 10 கிலோவுக்குள்ள முடிக்கணும். ஓட்டுற டிரஸ் ரெண்டு செட், சாயங்காலத்துக்கு ஒண்ணு, மழைக்கோட்டு, குளிருக்கு ஒரு ஃபிளீஸ், செருப்பு. ராத்திரி துவைச்சு காய்ஞ்ச டவல்ல சுருட்டி மேல ஏறி மிதிங்க, காலையில காய்ஞ்சிருக்கும். பேட் வச்ச ஷார்ட்ஸுக்குள்ள உள்ளாடை போடக்கூடாது, அந்தத் தையல்தான் புண்ணாக்கும், வாசலின் தடவிக்கோங்க. கேரியர்ல ரெண்டு பக்கமும் தொங்கற பையில கனமானதை அடியில, ரெண்டு பக்கமும் சமமா வைங்க. சமையலறை தராசுல ஒவ்வொண்ணா வச்சு பாருங்க, ஷாம்பு பாட்டில் வெயிட்டை பாத்தா நீங்களே பதறுவீங்க.

சாப்பாட்டுக்கு பயம் வேணாம், சீஸ் போட்ட ஸ்பேட்ஸ்லேன்னு குட்டி நூடுல்ஸ் மாதிரி ஒண்ணு, கைசர்ஷ்மார்ன்னு பிச்சுப்போட்ட இனிப்பு தோசை மாதிரி ஒண்ணு, ஆப்ரிகாட் வச்ச கொழுக்கட்டை, முட்டை சாப்பிடாதவங்கன்னா மட்டும் ஒவ்வொண்ணுக்கும் கேட்டு கேட்டு சாப்பிடணும், ஏன்னா இதுல பலதுல முட்டை இருக்கும். ஊறுகாய் பாக்கெட், ரசப்பொடி ஒரு நூறு கிராம், அவ்ளோதான். குழாய் தண்ணி அப்படியே குடிக்கலாம். ஞாயித்துக்கிழமை சூப்பர்மார்க்கெட் மூடிடுவாங்க, சனிக்கிழமையே ரொட்டி, பழம் வாங்கி வச்சிடுங்க, இது தெரியாம ஒரு ஞாயிறு பூரா பிஸ்கெட்ல ஓட்டினவன் சொல்றேன்.

கேள்வி: பஞ்சர் ஆனா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: ஒட்டத் தெரிஞ்சிருக்கணும், இங்கயே ரெண்டு தடவை கழட்டி மாட்டி பழகுங்க. டியூப் ரெண்டு, பேட்ச், டயர் லீவர், பம்ப், 4, 5, 6 எம்எம் ஆலன் கீ, செயின் லிங்க் ஒண்ணு, கேரியர் ஸ்குரூ நாலு. புது டியூப் போடறதுக்கு முன்னாடி டயர் உள்பக்கம் விரலால தடவிப் பாருங்க, குத்தின கண்ணாடித் துண்டு அங்கயே உக்காந்திருக்கும்.

கேள்வி: எவ்ளோ நாள் பிராக்டீஸ் வேணும்? (வாசகர், சென்னை)

பதில்: ரெண்டு மாசம். அதை விட முக்கியம், கொண்டு போற மொத்த சாமானையும் ஏத்திக்கிட்டு ஈசிஆர்ல மாமல்லபுரம் போய் ஒரு ராத்திரி தங்கி அடுத்த நாளே திரும்பி ஓட்டி வாங்க. ரெண்டாவது நாள் காலையில உக்காரும்போது தெரியும். வந்ததும் பையை கொட்டி, தொடாததை எல்லாம் தனியா வைங்க, ரெயின்கோட்டும் மருந்தும் டூல்ஸும் தவிர மிச்சம் எதுவும் ஃபிளைட் ஏறக்கூடாது.

கேள்வி: அங்க வீட்டு வாசல்ல "சிம்மர் ஃப்ரை"ன்னு போர்டு இருக்குமாமே, ரூம் இலவசமா? (வாசகர், ஈரோடு)

பதில்: ரூம் காலியா இருக்குன்னு அர்த்தம் சார். காசு உண்டு.