கடைசியில மட்டும் ஏன் நிக்குது?

கேள்வி: 2009-ல் நடந்த எங்க அண்ணன் கல்யாண டி.வி.டி. ரெண்டு இருக்குதுங்க. ரெண்டாவது டிஸ்க் முகூர்த்தம் வரைக்கும் நல்லா ஓடுது. மங்கல வாழ்த்துப் பாடுற இடம் வந்தா, படம் கட்டம் கட்டமா உடைஞ்சு நின்னுருது. அங்கதான் எங்க அப்பிச்சி (அம்மாவோட அப்பா) முன்வரிசையில உக்காந்திருப்பாரு. இப்ப அவரு இல்லைங்க. டிஸ்க் மேல மாப்பிள்ளை, பொண்ணு படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்குது. அதைப் பிச்சுட்டுப் போட்டுப் பார்க்கட்டுமா?
— வாசகி, காங்கேயம்

பதில்: ஸ்டிக்கர்ல கையே வெச்சுராதீங்க அம்மணி. டி.வி.டி.ங்கிறது 0.6 மி.மீ. தகடு ரெண்டை ஒட்டினது. பதிவு அதுக்கு நடுவுல இருக்குது. பிச்சு இழுத்தா அந்த ஒட்டே விட்டுப்போகலாம்.

பிளேயர் டிஸ்க்கை நடு ஓட்டைப் பக்கம் ஆரம்பிச்சு விளிம்பைப் பார்த்துப் படிச்சுட்டுப் போகும். அதனால கடைசிக் காட்சி விளிம்புலதான் இருக்கும். கைரேகை படுறது, கவர்ல உரசுறது எல்லாம் அங்கதான். ஸ்டிக்கரும் வெயில் காங்கையும் சேர்ந்து தகடு லேசா வளைஞ்சிருந்தா, ஆட்டமும் அங்கதான் அதிகம். 16 எக்ஸ் வேகத்துல எழுதியிருந்தா, எழுதும்போதே விளிம்புலதான் வேகம் உச்சத்துக்குப் போயி, பதிவு சுமாரா விழுந்திருக்கலாம். கடையில விக்கிற சினிமா டிஸ்க் அச்சுல வார்த்தது. நம்ம கல்யாண டிஸ்க் சாயத்துல லேசர் சுட்டது. அந்தச் சாயம் வெயிலுக்குத் தாங்காது.

முதல்ல ஒரு சினிமா டி.வி.டி.யைப் போட்டுக் கடைசி வரைக்கும் ஓட்டிப் பாருங்க. அதுவும் நின்னா கோளாறு பிளேயர் லென்ஸ்ல இருக்கலாம். அது ஓடுச்சுன்னா, உங்க டிஸ்க்கைத் தண்ணியில ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு விட்டு, பழைய பருத்தி வேட்டித் துணியில துடைங்க. நடுவுல இருந்து விளிம்புக்கு நேரா இழுக்கோணும். வட்டமாத் தேய்க்கப்படாது, கீறல் விழுந்தா பதிவு ஓடுற தடத்து நீளத்துக்கும் போயிரும். ஸ்டிக்கர் நனைய வேண்டாம். தின்னர், பெட்ரோல் கிட்டவே கொண்டு போகாதீங்க.

அப்புறம் டி.வி.டி. டிரைவ் இருக்கிற கம்ப்யூட்டர்ல போட்டு, முழு டிஸ்க்கையும் ஐ.எஸ்.ஓ. கோப்பா, அதாவது டிஸ்க்கோட அச்சு அசல் நகலா ஒரே கோப்புல எடுங்க. சாதாரணமா காப்பி பண்ணினா, படிக்க முடியாத இடம் வந்ததும் பாதியில நின்னுரும். டிடிரெஸ்க்யூ மாதிரி மென்பொருள் அந்த இடத்தைத் தாண்டிப் போயி, மிச்சத்தை எடுத்துட்டுத் திரும்ப வந்து முயற்சி பண்ணும். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொண்ணு படிச்சாலும் படிக்கும். அக்கம்பக்கத்துல பழைய கம்ப்யூட்டர் இருந்தா அதுலயும் பாருங்க. கிடைச்ச கோப்பு வி.எல்.சி.ங்கிற வீடியோ மென்பொருள்ல ஓடும். அங்கங்க ஒண்ணு ரெண்டு நொடி போனாலும் உங்க அப்பிச்சி முகம் கிடைக்கிறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்குது. முதல் டிஸ்க் இப்ப நல்லா ஓடுதுன்னு விட்டுராதீங்க, அதையும் கையோட எடுத்துருங்க.

கேள்வி: பண்ணாரி கோயில் குண்டத்தை (தீமிதியை) செல்லுல எடுத்து டி.வி.டி.யில எழுதினேன். கம்ப்யூட்டர்ல ஓடுது, பிளேயர்ல 'நோ டிஸ்க்'னு வருது.
— வாசகர், சத்தியமங்கலம்

பதில்: எம்.பி.4 கோப்பை அப்படியே ஏத்தியிருப்பீங்க தம்பி. பழைய பிளேயருக்கு எம்பெக்-2 வீடியோ, 'வீடியோ_டி.எஸ்.' ஃபோல்டர்னு டி.வி.டி. வீடியோவாவே வேணும். டி.வி.டி.ஸ்டைலர்ங்கிற மென்பொருள் இலவசம், அதுல 'பால்' (PAL)ங்கிற டி.வி. முறை, 720x576 வெச்சு, டி.வி.டி.-ஆர் டிஸ்க்ல 8 எக்ஸ் வேகத்துல எழுதுங்க. முடிவுல 'ஃபைனலைஸ்' ஆச்சான்னு, அதாவது பதிவை முடிச்சு மூடுச்சான்னு பார்த்துக்குங்க. அது விட்டுப்போனாலும் 'நோ டிஸ்க்'தான் வரும்.