பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு ஃபைல்

கேள்வி: எனக்கு வயது 54. எட்டு வருடங்களுக்கு முன் இடது மார்பில் கேன்சர். மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தார்கள். இப்போது அதே இடத்தில் தோல் கன்றிப்போன மாதிரி ஊதாத் திட்டு. வலி இல்லை. தோல் டாக்டர் தந்த களிம்பை மூன்று மாதமாகத் தடவுகிறேன், போகவில்லை. அவர் மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டியவர் என்பதால் பழைய வியாதியைச் சொல்லவில்லை. ஃபைல் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. மகளுக்கே சாதாரணக் கட்டி என்றுதான் தெரியும். கரண்ட் வைத்தது தப்போ? தையில் அவள் கல்யாணம் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாமா?
- பெயர் வேண்டாம், அருப்புக்கோட்டை

பதில்: தப்பில்லை. அந்த நோய் திரும்பாமல் தடுக்கத்தான் கரண்ட் வைத்தார்கள். தப்பு பீரோவில் இருக்கிறது.

டாக்டரிடம் போய் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, சொல்லவேண்டிய ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டு வந்திருக்கிறீர்கள். அவர் பாவம், கன்றிய தோலுக்குக் களிம்பு எழுதினார். அடிபட்ட கன்றல் இரண்டு மூன்று வாரத்தில் மஞ்சளாகி மறைந்துவிடும். மூன்று மாதம் அப்படியே நிற்காது.

கரண்ட் வைத்த மார்பின் தோலில், பெரும்பாலும் ஐந்து முதல் பத்து வருடம் கழித்து, ஆஞ்சியோசர்கோமா என்ற புற்றுநோய் வருவதுண்டு. இரத்தக் குழாயின் உட்சுவரில் தொடங்குவது. கரண்ட் வைத்தவர்களில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் அபூர்வ நோய்தான். ஆனால் முதலில் இப்படித்தான், வலியில்லாத ஊதாத் திட்டாகத் தலைகாட்டும். மேமோகிராமில் தெரியாமலும் போகலாம். உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. தோலை ஆழமாக எடுத்துச் செய்யும் பயாப்ஸிதான் சொல்ல வேண்டும். மேலோட்டமாகச் சுரண்டி எடுத்தால் நோய் கண்ணில் படாமல் தப்பிவிடும்.

புதிய கட்டி கரண்ட் விழுந்த இடத்திலேயே வந்ததா, இடையில் வருடங்கள் ஓடினவா, முதல் நோயிலிருந்து வேறானதா? 1948-லேயே கேஹன் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும், கரண்டால் வந்த கட்டிதானா என்று அறிய இவற்றைப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். கரண்ட் வைத்த இடம், அளவு, தேதி, பழைய பயாப்ஸி முடிவு எல்லாம் நீங்கள் புடவைக்கு அடியில் வைத்திருக்கும் காகிதங்களில் இருக்கின்றன.

மகளிடம் மறைத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அம்மாவுக்கு 46 வயதில் மார்புப் புற்றுநோய் வந்தது என்பது அவள் உடம்பைப் பற்றிய சேதி. அவள் எந்த வயதில் பரிசோதனை தொடங்கலாம் என்று மருத்துவர் கணக்குப் போட அது வேண்டும். எத்தனை பவுன் போடுவது என்பதைச் சபை கூட்டிப் பேசுவோம், இதை மட்டும் பூட்டி வைப்போமா? அம்மாவின் வியாதியைக் கேட்டுச் சம்பந்தத்தை முறிக்கிறவர்கள், நாளை உங்கள் மகள் படுத்தால் தலைமாட்டில் உட்காரவா போகிறார்கள்?

தைவரை தள்ளக்கூடாது. இந்த வாரமே ஃபைலை எடுத்துக்கொண்டு, முன்பு வைத்தியம் பார்த்த மருத்துவமனைக்கே போங்கள். "கரண்ட் வைத்த இடம்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கூட உங்கள் மகள் வரட்டும். ஆபரேஷன் என்றால் முகூர்த்தத்தைத் தள்ளிவையுங்கள். மண்டபத்து அட்வான்ஸ் போனால் போகட்டும்.