கும்பிடுவது போல் குனிகிறானா?

கேள்வி: பிறந்ததும் அழாததால் என் மகனை மூன்று நாள் குளிர்விக்கும் சிகிச்சையில் வைத்திருந்தார்கள். இப்போது ஐந்து மாதம். மூளையின் காவல் செல்களே மூளையைத் தின்றுவிடும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமில்லை. அவற்றை அடக்க மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து கொடுக்கலாமா? விக்கல் வருகிறது, உச்சிக்குழி துடிக்கிறது. விழித்ததும் சாமி கும்பிடுவதுபோல் பத்துத் தடவை குனிகிறான் என்று அமுச்சி சிரிக்கிறார்.
– ஒரு தாய், கோபி

பதில்: கடைசி வரியைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், அம்மிணி.

விழித்த கையோடு தலை கவிழ்ந்து, கைகள் விரிந்து, உடல் மடங்கி நிமிர்வதும், சில விநாடி கழித்து அதே மறுபடி வருவதும் ஒருவகை வலிப்பாக இருக்கலாம். வலிப்பு என்றால் வெட்டி இழுக்கும், நுரை தள்ளும் என்று நினைக்கும் வீடுகளில் இது வயிற்றுவலிக் கணக்கில் போய்விடும். 1841இல் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர், தன் மகனுக்கே இது வந்ததை லான்செட் மருத்துவ இதழுக்குக் கடிதமாக எழுதினார். ‘சலாம் வலிப்பு’ என்ற பெயர் அன்றே விழுந்துவிட்டது. பிறப்பில் மூச்சுத் திணறிய குழந்தைகளுக்கு இந்த வயதில் இது வர வாய்ப்புண்டு. மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்தால் தெரிந்துவிடும். மருந்தும் உண்டு, ஆனால் நாள் தள்ளத் தள்ள அதன் பலன் குறையும். ஆடி கழியட்டும், அமாவாசை போகட்டும் என்று இருக்காதீர்கள். நாளைக்குள் கோவையில் குழந்தை நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். செல்போனில் படம் பிடிக்க முடிந்தால் நல்லது, அதற்காகக் காத்திருக்க வேண்டாம். முகம் பார்த்துச் சிரிப்பது குறைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

விக்கலையும் உச்சிக்குழியையும் மறந்துவிடுங்கள்.

இனி உங்கள் ‘தின்னும்’ செல்கள். மைக்ரோகிளியா என்று பெயர். கரு சில வாரமே ஆகியிருக்கும்போது மஞ்சட்கருப் பையிலிருந்து கிளம்பி மூளையில் குடியேறுபவை. செத்த செல்களை அள்ளும். மஞ்சள் காட்டில் களையெடுப்பதுபோல வேண்டாத நரம்பு இணைப்புகளை நீக்கும். ஆக்சிஜன் குறைந்தால் இவை சீறிச் சேதத்தைக் கூட்டுவது உண்மைதான். பிறந்த சில மணி நேரத்தில் தொடங்கும் அந்தச் சேதத்தின் இரண்டாம் அலையைத் தணிக்கத்தான் உங்கள் மகனை 72 மணி நேரம் குளிர்வித்தார்கள். ஆனால் இந்தச் செல்களை நீக்கிப் பார்த்த எலிக்குட்டிகளில் மூளைச் சேதம் அதிகமானது. ஆற்றுவதும் இவைதான். எலியில் சோதித்ததைப் படித்துவிட்டு மகனுக்கு மினோசைக்ளினா? வளரும் பற்களில் நிரந்தரக் கறை விழும். தொடாதீர்கள்.

கோவைக்கு அமுச்சியையும் அழைத்துப் போங்கள். பேரன் எப்படிக் குனிகிறான் என்று டாக்டர் முன்னால் அவரே செய்து காட்டட்டும்.