தரவைக்கு எப்போது போவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாரி தொடங்கிவிட்டால் திருகோணமலைத் தரவைகளில், அதாவது களப்போர வெட்டைவெளிகளில், மேயும் பறவைகளைப் பற்றி என்னிடம் கேட்காதவர் குறைவு. இம்முறை வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி (உவர்மலை): டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளுடன் நிலாவெளிப் பக்கம் போனோம், ஐயா. களப்பு நிறையத் தண்ணீர், பறவைதான் இல்லை. பிந்திவிட்டோமா?

பதில்: முந்திவிட்டீர்கள். வலசைப் பறவைகள் ஓகஸ்ட் கடைசியிலேயே வரத் தொடங்கிவிடும். ஆனால் சேற்றில் இரை தேடும் கரைப்பறவையான உள்ளானுக்கு வேண்டியது தண்ணீர் அல்ல, சேறு. கொசு உள்ளானின் கால் என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை; வாடை மழையில் களப்பு முழங்காலளவு நிற்கும்போது அது எங்கே நின்று மேயும்? வயலோரங்களுக்கும் மேட்டுத் தரவைகளுக்கும் சிதறிவிடும். நமது கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால், இங்கே சேற்றைத் திறந்து கொடுப்பது பெரும்பாலும் வெயில்தான்.

மழை ஓய்ந்து, பெப்ரவரியில் ஓரங்கள் வற்றத் தொடங்கியதும் மறுபடி போங்கள். கருவால் மூக்கன் ஆழத்தில் நிற்கும்; பொரி உள்ளான் அதற்கு இப்பால்; ஈரம் மட்டும் மினுங்கும் விளிம்பில் கொசு உள்ளான் ஓடித் திரியும். கால் நீளத்துக்கு ஏற்ற பந்தி! மார்ச் மாதம் வரை பொறுத்தால், வடக்கே கிளம்பத் தயாராகும் சில உப்புக்கொத்திகளின் மார்பில் செம்மை ஏறுவதையும் பார்க்கலாம். எனக்கு ஒரு மார்ச் காலைக்கு நான்கு டிசம்பர் ஈடாகாது.

கேள்வி (தம்பலகாமம்): வரம்பில் நடக்கும்போது காலடியிலிருந்து கத்திக்கொண்டு எழும்பி, வளைந்து வளைந்து பறப்பது எது?

பதில்: நீண்ட நேரான மூக்கு இருந்தால் ஊசிவால் உள்ளானாகத்தான் இருக்கும், இலங்கைக்கு அதிகம் வருவது அதுவே. அதன் வாலில் பெரும்பாலும் 26 இறகுகள், ஓரத்தில் உள்ளவை ஊசிபோல் மெலிந்தவை. அதன் நெருங்கிய உறவான சாதாரண உள்ளானுக்கு வழக்கமாக 14. பறக்கும்போது இதை எண்ணிச் சொல்பவரை நான் நம்புவதில்லை.

கேள்வி (கிண்ணியா): குதிரைமலைக் கோட்டான் என்கிறார்கள். கோட்டான் என்றால் ஆந்தை அல்லவா?

பதில்: பெயரில் மட்டும்தான் ஆந்தை. கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகை நண்டு வளைக்குள் விட்டுத் துழாவும் கரைப்பறவை அது. குதிரைமலை இங்கில்லை, வடமேற்குக் கரையில் இருக்கிறது.

கேள்வி (மூதூர்): எந்தப் பைனாகுலர் வாங்கலாம்?

பதில்: 8×42, அதாவது எட்டு மடங்கு பெருக்கி, 42 மி.மீ. முன்வில்லை உள்ளது. அதற்கு மேல் பெருக்கினால் கை நடுக்கமும் பெருகும்.

கேள்வி (உப்புவெளி): பூநாரையைக் கிட்டப் போய்ப் படமெடுக்க வேண்டும். எங்கே போகலாம்?

பதில்: பூநாரைக்கு மன்னார்ப் பக்கம் போங்கள். ஆனால் கிட்டப் போகாதீர்கள். மாரி ஓய்ந்த பின் வலசைப் பறவைகள் திரும்பும் பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்கும். ஒவ்வொரு முறை விரட்டி எழுப்பும்போதும் சேர்த்தது கரைகிறது. படம் உங்களுக்கு, பட்டினி அதற்கா?

கேள்வி (நிலாவெளி): சரி ஐயா, ஆள்காட்டி கத்தியதும் எல்லாமே பறந்துவிடுகின்றன. அப்படியானால் எப்படித்தான் பார்ப்பது?

பதில்: விடியுமுன் போய், சூரியன் முதுகுக்குப் பின்னால் எழும்படி உட்காருங்கள். ஆள்காட்டி கத்தட்டும், நீங்கள் அசையாவிட்டால் அதற்கும் அலுத்துவிடும். மேயும் எருமைகளைப் பறவைகள் பொருட்படுத்துவதில்லை. ஆகவே எருமை நின்றால் நீங்களும் நில்லுங்கள். எருமை நகர்ந்தால் மெதுவாகப் பின்னால் போங்கள். கன்றுடன் நிற்கும் எருமையாக இருந்தால் மட்டும் வேண்டாம்.