ஆறு வடிந்தது, மண் வடியவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் முஞ்சிறைக்குப் பக்கத்தில், குழித்துறை ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆறு வடிந்து 4 நாளாகிறது. எங்கள் தெருவில் 32 வீடு, 19 கிணறு. எல்லாக் கிணற்றிலும் வெள்ளம் புகுந்துவிட்டது. வாலிபர்கள் 12 பேர் சேர்ந்திருக்கிறோம். கையில் ஒரு பெட்ரோல் பம்பும் ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரும் உண்டு. கிணறுகளை உடனே அடிவரை இறைக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். கிணற்றுக்கு ஒரு கிலோ பவுடர் கொட்டினால் போதும் என்று வேறு சிலர். பாசனத்துக்கான கிளைச் சானல் கரையும் உடைந்து கிடக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

ர.

அன்புள்ள ர.,

முதலில் அந்தப் பம்பை ஓரமாக வையுங்கள். ஆறுதான் வடிந்திருக்கிறது, மண் இன்னும் வடியவில்லை. கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, உங்கள் குழித்துறை ஆறாகித் தேங்காப்பட்டணத்தில் கடலில் விழும்வரை ஓடும் தூரம் கொஞ்சம்தான். மலையில் மழை நின்றால் ஆறு மளமளவென்று இறங்கிவிடும். தோட்ட நிலமான விளைகளுக்கு அடியில் ஊறி நிற்கும் நீர் அப்படி இறங்காது, நாட்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் நிற்கும். இந்த நேரத்தில் கிணற்றை அடிவரை இறைத்தால் வெளியே ஊறிய மண் தள்ளும், உள்ளே எதிர்த்துத் தாங்க நீர் இருக்காது. கிணற்றுக்குள் இறக்கிய உறை வளையம் விலகும். உறை இறக்காத செம்மண் கிணறு இடிந்தே போகும். செப்டிக் டேங்க்கும் அப்படித்தான்: இப்போது லாரி வைத்து உறிஞ்சிக் காலியாக்கினால் சுவர் விரிசல் விடும், பிளாஸ்டிக் டேங்க் என்றால் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே மிதந்து வந்துவிடும்.

எப்போது இறைக்கலாம் என்பதைக் கிணறே சொல்லும். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி, தினமும் காலையில் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை அளந்து நோட்டில் எழுதுங்கள். மழையில்லாமல் மட்டம் நாள்தோறும் இறங்கிக்கொண்டே வந்து, பக்கத்துக் கிணறுகளிலும் அப்படியே இருந்தால் இறைக்கத் தொடங்கலாம். அப்போதும் பாதிவரை இறைத்து, ஊற விட்டு, மறுபடி இறைப்பதே நல்லது. தேங்காப்பட்டணம் பக்கத்துக் கிணறுகளில் இன்னும் நிதானம் வேண்டும், மிஞ்சி இறைத்தால் உப்புநீர் உள்ளே ஏறிவிடும். உப்பைப் பிளீச்சிங் பவுடர் ஒன்றும் செய்யாது.

சேறு வார ஆள் இறங்கும் நாளில் பம்பு கிணற்றுக்குள் ஒருபோதும் போகக்கூடாது. பெட்ரோல் என்ஜின் புகை கிணற்றில் தங்கி நிமிடங்களில் ஆளைக் கொல்லும். மெழுகுவர்த்தி இறக்கிப் பார்க்கும் பழக்கத்தையும் முழுக்க நம்பாதீர்கள். திரி அணைந்தால் இறங்கக்கூடாது என்பது சரி. எரிந்தால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை, அந்தப் புகையில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டுதான் இருக்கும்.

அதுவரை தண்ணீருக்கு என்ன செய்வது? மிதக்கும் குப்பையை அள்ளிவிட்டு, இருக்கும் நீரிலேயே மருந்து போடுங்கள். கிணற்றுக்கு ஒரு கிலோ என்பது கணக்கே இல்லை. கிணற்றின் குறுக்களவை அடிக்கணக்கில் எடுத்து அதை அதனாலேயே பெருக்குங்கள், பிறகு நீரின் ஆழத்தாலும், கடைசியில் 22ஆலும் பெருக்குங்கள். வருவது ஏறக்குறைய லிட்டர் கணக்கு. 6 அடிக் கிணற்றில் 10 அடி நீர் நின்றால் 6 × 6 × 10 × 22, கிட்டத்தட்ட 8000 லிட்டர். சாதாரண நாளில் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் பவுடர் போதும். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு 5 கிராம். ஆக இந்தக் கிணற்றுக்கு 40 கிராம்தான். பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்துப் பொட்டலம் கட்டி, ஒவ்வொரு பொட்டலத்திலும் வீட்டுக்காரர் பெயரை எழுதிவிடுங்கள்.

பவுடரை அப்படியே கிணற்றில் கொட்டக்கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் நீர் விட்டுக் கூழாகக் குழைத்து, முக்கால் வாளி வரை நீர் ஊற்றிக் கலக்கி, 10 நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் வெள்ளையாக ஒரு மண்டி படியும். அது வெறும் சுண்ணாம்பு, கிணற்றில் போட்டால் நீர் கடுத்துப்போகும். மேலே தெளிந்து நிற்பதில்தான் குளோரின் இருக்கிறது. அதை வேறு வாளிக்கு மாற்றி, கயிறு கட்டிக் கிணற்றில் இறக்கி, நீருக்கடியில் மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழியாமல் நீர் எடுக்கக்கூடாது. இரவில் போட்டுவிட்டால் காலைவரை தொந்தரவில்லை.

பிறகு சோதனை. மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டரிடம் நீரில் குளோரின் அளவு பார்க்கும் குளோரோஸ்கோப் இருந்தால் கேட்டு வாங்குங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் நம்மவர்கள் உடனே “பவுடர் டூப்ளிகேட்” என்பார்கள். பெரும்பாலும் குற்றவாளி சேறுதான். கலங்கல் நீரில் குளோரினைச் சேறே தின்றுவிடும். கலங்கல் தெளிந்த பிறகு அதே அளவை மறுபடி போடுங்கள். பவுடர் கட்டி தட்டி, மூக்கில் ஏறும் வாடையில்லாமல் இருந்தால் மட்டும் பவுடரைச் சந்தேகப்படலாம். வாய் திறந்து ஈரம் பட்ட மூட்டை வீரியம் இழந்திருக்கும். எப்படியானாலும் கிணற்றை இறைத்துச் சேறு வாரி மறுபடி மருந்து போடும்வரை குடிக்கும் நீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். டீசலோ பூச்சிமருந்தோ கலந்த கிணற்று நீரைக் கொதிக்க வைத்தும் பயனில்லை, அந்தக் கிணற்றை விட்டுவிடுங்கள்.

19 கிணற்றுக்கும் ஒரே நாளில் போடுங்கள். ஐந்து சென்ட், பத்து சென்ட் விளைகளில் கிணற்றுக்கும் பக்கத்து வீட்டுக் கக்கூஸ் குழிக்கும் 50 அடி இடைவெளி எங்கே இருக்கிறது? மண்ணுக்கு அடியில் மதில் கிடையாது. ஒரு வீட்டுக்காரர் “எங்க கிணறு சுத்தந்தான்” என்று விலகினால், அவர் வாளியும் கயிறும் அடுத்த கிணற்றுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சானல் கரையை நிரந்தரமாகக் கட்டுவது அரசுத் துறையின் வேலை. ஊரால் முடிவது அடைப்பு மட்டும். சாக்கை வாய்வரை நிரப்பாதீர்கள். மூன்றில் இரண்டு பங்கு போதும், அப்போதுதான் ஒன்றோடொன்று படிந்து இடுக்கு அடையும். வாயை அடியில் மடித்து, செங்கல் வரிசை போல மூட்டு மாற்றி அடுக்கி, நீர்ப் பக்கம் தார்ப்பாய் போடுங்கள். கரையின் அடிவாரத்திலேயே மண் வெட்டிச் சாக்கில் அடைப்பதுதான் எல்லா ஊரிலும் நடக்கும் தப்பு. அடுத்த உடைப்பு அங்கேதான் வரும். துறை வேலைக்கு வரும்போது ஒருவர் பக்கத்தில் நின்று பாருங்கள்: சகதியை முழுக்க வாரினார்களா, பழைய கரையைப் படிபடியாக வெட்டினார்களா, 15 செ.மீ. கனத்துக்கு மண் பரப்பி இடித்தார்களா என்று. பழைய மண்ணும் புது மண்ணும் சேரும் இடத்தில்தான் கசிவு தொடங்கும்.

வீட்டுச் சுவர்களுக்கு வெள்ளையடிக்க அவசரம் வேண்டாம். ஒரு அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் வைத்துச் சுவரில் ஒட்டி, மறுநாள் உரித்துப் பாருங்கள். உட்பக்கம் நீர் முத்து பூத்திருந்தால் சுவர் காயவில்லை; பெயின்ட் அடித்தால் கொப்பளித்து உதிரும். ஒயர்மேன் பார்க்காமல் மெயின் சுவிட்சைப் போடவே கூடாது.

உங்கள் 12 பேரும் சேற்றில் நிற்கப் போகிறவர்கள். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள் வரும். காய்ச்சலோடு கெண்டைக்காலில் கடும் வலி இருந்தால் கடையில் மாத்திரை வாங்கி நாளைக் கடத்தாதீர்கள். முன்தடுப்பாக வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் தருவதுண்டு. அதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்குங்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது ஆகாது.

கடைசியாக வாழை. பயிர்ச் சேதம் 33 சதவீதத்துக்குக் குறைந்தால் நிவாரணம் இல்லை. அடங்கல் என்ற கிராமப் பயிர்க் கணக்கில் ஏறாத பயிருக்கும் கிடைப்பது கஷ்டம். ஏத்தன் வாழை போட்டவர்களில் பலர் நிலத்தைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்தவர்கள். கையில் சீட்டு எதுவும் இராது, பணம் பட்டாக்காரர் பெயருக்குப் போய்விடும். சரிந்த வாழையை வெட்டி அப்புறப்படுத்தும் முன் தேதியோடு படம் எடுத்து, எத்தனை மூடு வாழை என்று எண்ணி, பயிர் வைத்தவர் இன்னார் என்று பட்டாக்காரரிடம் எழுதிக் கையெழுத்து வாங்கி, கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். நிவாரணப் பட்டியல் வந்த பிறகு அந்தக் கையெழுத்தை யாரும் போடமாட்டார்கள்.