வீட்டில் சொல்பேச்சு கேட்கும் நாய், கீழ்ப்படிதல் போட்டியில் ஏன் தடுமாறுகிறது?

நாய் "உட்கார்" என்ற சொல்லை மட்டும் கற்பதில்லை. உங்கள் கூடம், கையிலிருக்கும் பிஸ்கட், நீங்கள் லேசாகக் குனிவது எல்லாவற்றையும் சேர்த்தே கற்கிறது. இடம் மாறினால் பாதிப் பாடம் போய்விடும். எனவே மொட்டைமாடி, தெரு, பூங்கா என்று ஒவ்வோர் இடத்திலும் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொடுங்கள். நிமிர்ந்து நின்று, ஒரே முறை சொல்லுங்கள்.

நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமெரிக்க அமைப்பான அமெரிக்கன் கென்னல் கிளப் நடத்தும் கீழ்ப்படிதல் போட்டிகளில் களத்துக்குள் தின்பண்டம் கொண்டுபோகக் கூடாது. தேற 200க்கு 170 மதிப்பெண் வேண்டும், களத்தில் செய்யும் ஒவ்வொரு பயிற்சியிலும் அதற்குரிய மதிப்பெண்ணில் பாதிக்கு மேலும் வேண்டும். ஆகவே பிஸ்கட்டை ஓரமாக ஒரு மேசையில் வைத்துவிடுங்கள். முதலில் ஒரு கட்டளை, பிறகு நாலைந்து என்று முடித்தபின், இருவருமாக அங்கே ஓடிப்போய்க் கொடுங்கள். பலர் அவசரத்தில் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தைத்தான். தயவுசெய்து இதற்கே அதிக நாள் ஒதுக்குங்கள்.