பனி நாட்டில் திராட்சை: வாசகர் கேள்விகள்

கேள்வி: கனடாவில் ஒட்டாவா பக்கம் 2 ஏக்கர் வாங்கியிருக்கிறோம். சில இரவுகள் மைனஸ் 30 வரை இறங்கும். கொடி பிழைக்குமா?

ரகத்தைப் பொறுத்தது. பினோ நுவார், ஷார்டனே போன்ற ஐரோப்பிய ரகங்களின் மொட்டுகள் மைனஸ் 20, 25 டிகிரியிலேயே செத்துவிடும். 2024 ஜனவரியில் மேற்குக் கனடாவின் ஒகனாகன் பள்ளத்தாக்கில் அப்படித்தான் அந்த வருட விளைச்சல் ஏறக்குறைய மொத்தமும் போனது. நீங்கள் தேட வேண்டியது காட்டுத் திராட்சையோடு கலந்து உருவாக்கிய ரகங்கள். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் 1996இல் ஃப்ரான்டினாக், 2006இல் மார்க்கெட், 2017இல் இட்டாஸ்கா என வெளியிட்டிருக்கிறது. (மார்க்கெட் என்றால் சந்தை இல்லை. ரகத்தின் பெயர், பினோ நுவாருக்குப் பேத்தி முறை.) ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரில் வளர்ந்த கன்றாகக் கேட்டு வாங்குங்கள். மேலே பட்டுப்போனாலும் அடியிலிருந்து அதே ரகம் துளிர்க்கும்.

கேள்வி: ஜனவரிக் குளிரைத் தாண்டிய கொடி, மே மாதம் ஒரே இரவில் கருகிவிட்டது. எப்படி?

தூங்குகிற மொட்டு வேறு, விரிந்த துளிர் வேறு. மைனஸ் 30ஐத் தாங்கிய அதே கொடியின் இளந்துளிருக்கு மைனஸ் 2 போதும். கியூபெக்கில் 2023 மே மாதம் பல தோட்டங்களில் இதுதான் நடந்தது. மார்க்கெட் சீக்கிரம் துளிர்க்கிற ரகம், ஆபத்தும் அதற்கே அதிகம்.

குளிர்காற்று தண்ணீர் மாதிரி பள்ளத்தைப் பார்த்து ஓடும். சரிவின் அடியில் நடாதீர்கள். அங்கே அடர்ந்த வேலியோ மரவரிசையோ இருந்தால் காற்று தேங்கும், இடைவெளி விடுங்கள். எங்கள் தோட்டத்தில் கடைசி இரண்டு வரிசைகளை நானே பிடுங்கிப் போட்டேன். அப்புறம் கவாத்து, அதாவது குச்சிகளை வெட்டிவிடுவது. முதல் முறை குச்சிகளை நீளமாக விடுங்கள். நுனி மொட்டுதான் முதலில் விழிக்கும், அடி மொட்டுகள் தாமதிக்கும். உறைபனிப் பயம் தீர்ந்த பிறகு அளவாக வெட்டுங்கள். உறைபனி இரவில் தெளிப்பான் வைத்துத் தண்ணீர் தெளிப்பதானால், அது உறையும்போது விடும் சூடுதான் துளிரைக் காக்கிறது. பனிக்கட்டி உருகும்வரை நிறுத்தக் கூடாது. பாதியில் நிறுத்தினால், போடாமல் இருந்ததைவிட மோசம்.

இப்போதைக்குக் கருகியதைப் பிடுங்காமல் பொறுங்கள். முதல் மொட்டுக்குப் பக்கத்தில் இரண்டாவது மொட்டு உண்டு. குறைவாகத்தான் காய்க்கும், ஆனால் கொடியைக் காப்பாற்றும். 

கேள்வி: எங்கள் ஊர் கம்பம். பன்னீர் திராட்சைக் குச்சியைக் கொண்டுவந்து இங்கே பந்தல் போடலாமா?

ஆசை புரிகிறது, வேண்டாம். பன்னீர் என்பது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ஐரோப்பிய ரகம்தான், உங்கள் முதல் குளிர்காலமே அதற்குக் கடைசி. அனுமதியில்லாமல் குச்சி கொண்டுவருவதும் கனடாவில் தடை. பந்தலும் இங்கே ஒத்துவராது. கம்பத்து வெயிலுக்கு நிழல் வேண்டும், இங்கே கொத்துக்கு வெயில் வேண்டும். கம்பி கட்டி வரிசையாக ஏற்றுங்கள்.

கேள்வி: எத்தனை கொடி நடலாம்? எப்போது காய்க்கும்?

6 அடிக்கு 9 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 800 கொடி வரும். வேலைக்குப் போகிற குடும்பம் என்றால் 100 போதும். முதல் இரண்டு வருடம் கொத்துகளைக் கிள்ளிவிடுங்கள். மூன்றாம் வருடம் கொஞ்சம் பறிக்கலாம்.

கேள்வி: ஃப்ரான்டினாக் ஒயின் நாக்கைக் கூசுகிறது. ஏன்?

சர்க்கரையை மட்டும் பார்த்துப் பறித்திருப்பீர்கள். இந்த ரகத்துக்குச் சர்க்கரை ஏறிய பிறகும் புளிப்பு இறங்காது. அமிலத்தையும் அளந்து, இன்னும் சில நாள் கொடியில் விடுங்கள்.

கேள்வி: பறவைத் தொல்லை?

வலைதான். பழம் நிறம் மாறத் தொடங்கும்போதே போட்டு அடியை இறுகக் கட்டுங்கள். இல்லாவிட்டால் உள்ளே புகுந்தது வெளியே வரத் தெரியாமல், இருக்கிற பழத்தையெல்லாம் கொத்திக்கொண்டிருக்கும்.